கடைசியாக வந்தவன்

— கேட்டைச் சாத்தினது நீதானே, மெரின்?

— நான் எங்க சாத்தினேன்? எனக்குப் பின்னாடிதானே நீ வந்தே. கடைசியா வர்றவங்கதான் சாத்தணும். மீசை முளைக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து இந்த மலையில சைக்கிள் ஓட்டறே, இதை நான் சொல்லணுமா டென்சில்?

— அங்கதான் இடிக்குது. நான் சாத்தலை. திரும்பி வர்றப்ப சாத்திக்கலாம்னு அப்படியே ஏறிட்டேன். ஆனா கொஞ்சம் மேல வந்ததும் கொக்கி விழற சத்தம் கேட்டுது. டொக்குனு.

— காத்து சாத்தியிருக்கும்.

— காத்து கொக்கி போடுமா?

— உன் பயம் போடும். பேசாம பெடலை மிதி.

— மிதிக்கறதாவது! மூச்சு மூக்கு வழியா வருதா காது வழியா வருதான்னே தெரியல. சின்ன கியருக்கும் கீழ ஒரு கியர் இருந்தா தேவலை. ஏன் மெரின், இந்த மேட்டுக்கு இன்னிக்கு என்ன அவசரம்? கடல்லேர்ந்து மூடுபனி ஏறி வருது பாரு. கீழ தேவாலயக் கோபுரம்கூடத் தெரியல.

— அதனாலதான் இன்னிக்கு. சரி, இறங்கித் தள்ளு. இதுக்கு மேல கொட்டாவிப் பள்ளம்.

— ஐயோ, அது வேறயா! போன குளிர்காலத்து மழையில கொட்டாவி இன்னும் பெருசாயிடுச்சாம். முன்ன வேலி நின்ன இடத்துல இப்ப மண்ணே இல்லையாம். மலை வாயைப் பிளந்துகிட்டு நிக்குது, உள்ள எட்டிப் பார்த்தா நேரா கடல்.

— பாதை அதைச் சுத்திகிட்டுத்தான் போகுது. உள் பக்கமா, மஞ்சப்பூ முள்ளை உரசிகிட்டே வா. முள்ளு குத்திச்சுன்னா நீ சரியான இடத்துல இருக்கேன்னு அர்த்தம்.

— குத்துது தாயே, நல்லாவே குத்துது.

— இன்னும் கொஞ்சம் வளைஞ்சு வா. ம்... அவ்வளவுதான். சுத்தி வந்தாச்சு. இனிமே கொட்டாவி நமக்குப் பின்னாடி. சைக்கிளை இங்க சாய்ச்சு வை.

— அப்பாடா. உன் பையை எடு. வழி பூரா பார்க்கறேன், உன் முதுகை என்னமோ கீழ இழுத்துகிட்டே வந்துது. பேஸ்டிதானே? ஒண்ணு இப்பவே கொடு. கறியும் உருளைக்கிழங்கும் உள்ள போனாத்தான் எனக்கு கால் இருக்கறதே தெரியும்.

— பேஸ்டி இல்ல.

— டீ பிளாஸ்கா? அதையாவது எடு.

— கம்பி.

— என்ன கம்பி?

— என் தம்பி கழுத்தை அறுத்த கம்பி.

— ...மெரின்.

— ஒரு துண்டை போலீஸ்காரங்க எடுத்துகிட்டுப் போனாங்க. மிச்சத்தைத் தம்பி பெரனே சுருட்டி, கட்டிலுக்கு அடியில வச்சிருந்தான். ஏன் வச்சிருந்தான்னு நான் கேக்கலை. கேட்டா மட்டும் சொல்லிடவா போறான். மத்தியானம் அவன் கண்ணசந்தப்ப எடுத்துட்டேன்.

— எடுத்து? இங்க என்ன பண்ணப் போறே?

— அதோ அந்த ரெண்டு கம்பம் தெரியுதா?

— ஒண்ணும் தெரியல, பனிதான் தெரியுது.

— எனக்குத் தெரியும். கண்ணை மூடிகிட்டே போவேன். தினம் சாயங்காலம் டீ குடிக்கறதுக்கு முன்னாடி அந்தக் கிழவன் ஹாக்கடே நாலு சக்கர மோட்டார் சைக்கிள்ல ஆட்டைப் பார்க்க வர்றான். அந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுலதான் வருவான். வேகமா வருவான். உட்கார்ந்து வந்தா அவன் கழுத்து எந்த உயரத்துல வரும்னு ஒரு மாசமா இந்த முள்ளுக்குப் பின்னாடி உட்கார்ந்து பார்த்து வச்சிருக்கேன்.

— உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு.

— பிடிச்சிருக்கு. மார்ச் மாசத்துலேர்ந்து பிடிச்சிருக்கு. இந்த முனையை இழுத்துப் பிடி.

— பிடிக்க மாட்டேன். சும்மா ஒரு சுத்து போயிட்டு வரலாம்னுதானே கூப்பிட்டே! நானும் இளிச்சவாயன் மாதிரி டயருக்குக் காத்தடிச்சுகிட்டு வந்தேன்... ஷ்ஷ். மணிச் சத்தம் கேட்டுதா?

— என்ன மணி?

— டிங் டிங்னு. அந்தப் பக்கத்துலேர்ந்து.

— கடல்ல கிடக்கற மிதவை மணி. கப்பல்காரனுக்குப் பாறையைக் காட்டறது. நேத்திக்கா கட்டினாங்க அதை? பிடி கம்பியை.

— மெரின், போலீஸ் இருக்கு, கோர்ட்டு இருக்கு...

— என்ன சொன்னாங்க போலீஸ்காரங்க? 'அந்தப் பாதையில யார் வேணும்னாலும் கட்டியிருக்கலாம்மா, பார்த்தவங்க யாரும் இல்லையே.' ஹாக்கடேதான் கட்டினான்னு ஊருக்கே தெரியும். பப்ல உட்கார்ந்து, 'குதிரைப்பாதையில குதிரை போகட்டும், கழுதை போனா கழுத்தைப் பார்த்துக்கட்டும்'னு சொல்லிச் சிரிச்சிருக்கான். அதைக் கேட்டவன் ஒருத்தன்கூட வந்து சாட்சி சொல்லலை. எல்லாருக்கும் அவன் காட்டு விறகு வேணும், கிறிஸ்துமஸுக்கு அவன் ஆடு வேணும். நீயாவது அன்னிக்கு அங்க இருந்தே.

— இருந்தேன். கம்பியில மோதினதுக்கு அப்புறம்தான் இருந்தேன்.

— அதான்.

— நீ என்னைக் குத்த வேண்டாம் மெரின். அது எனக்கு தினம் குத்துது. எப்பவும் பெரன்தான் கடைசியா வருவான். கேட்டைச் சாத்தறதுல அவனுக்கு அப்படி ஒரு பிடிவாதம். யாரையும் நம்ப மாட்டான், சாத்தி, கொக்கி போட்டு, ஒரு தடவை இழுத்தும் பார்ப்பான். அன்னிக்கு ஒரு நாள்தான் நான், 'இன்னிக்கு நான் சாத்தறேண்டா, நீ முன்னாடி போய் இறக்கத்தை அனுபவி'ன்னு சொன்னேன். பாடிகிட்டே இறங்கினான். பாட்டு பாதியில நின்னுது. சங்கிலி கழண்டிருக்கும்னு நினைச்சுகிட்டு நான் கொக்கியைப் போட்டேன். மெதுவா போட்டேன். அதுக்கு அப்புறம் எந்தக் கேட்டையும் தொட எனக்குக் கை வர்றதில்ல, போதுமா?

— ...தெரியும். அதுக்காகத்தான் உன்னைக் கூப்பிட்டேன். என்னைவிட உனக்குத்தான் அந்தக் கிழவன் மேல ஆத்திரம் இருக்கணும்.

— இருக்கு. ஆனா கம்பி கட்டற அளவுக்கு...

— இப்ப பெரன் எப்படிப் பேசறான்னு தெரியுமா உனக்கு? நீ வந்து பார்த்தாத்தானே தெரியும். சைக்கிள் மணியைக் கழட்டி இடுப்புல மாட்டிகிட்டிருக்கான். டீ வேணுமா பெரன்? மணி. வலிக்குதா பெரன்? மணி. வெள்ளிக்கிழமைன்னா பப் சுவரே அதிரப் பாடினவன், அடுப்பங்கரையில உட்கார்ந்து மணி அடிச்சுகிட்டிருக்கான். மணியைக் கழட்டினதோட சரி, சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. எனக்கு வயிறு எரியுது டென்சில். அந்தக் கிழவன் மட்டும் ரெண்டு வேளை வயிறு முட்டத் தின்னுட்டு, மோட்டார் ஓட்டிகிட்டு, நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுகிட்டு! நாயைக் கூப்பிட அவனுக்குக் குரல் இருக்கு!

— சரி, சரி. கத்தாதே.

— ஏ! யாரது? மனுசக் குரல்தானே கேட்டுச்சு? ஏ!

— ...யாரது மெரின்?

— ஷ்ஷ். அவன்தான்.

— யாரு, ஹாக்கடேவா?

— அந்தக் குரலை நான் மறப்பேனா? ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா அவன் வாசல்ல போய் நின்னேன். கதவைத் தட்டத்தான் எனக்குத் தெம்பு இருந்துது, வாய் வரலை. கூட வந்த போலீஸ்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். கதவைக்கூடத் திறக்கலை. உள்ளேருந்தே, 'பார்த்துப் போகச் சொல்லுங்க'ன்னான். அந்தக் குரல்தான் இது.

— ஏப்பா! யாராச்சும் இருக்கீகளா இல்லையா? வாயத் தொறந்து சொல்லுங்கப்பா!

— இருக்கோம்! இங்க இருக்கோம் ஐயா! என்ன ஆச்சு?

— அப்பாடி, பொம்பளப் புள்ளையா! நல்லாருப்ப தாயி. என் மோட்டாரு வாய்க்கால்ல சாஞ்சு போச்சு, பாத்துக்க. விழுந்ததுல கண்ணாடி எங்கிட்டோ போயிருச்சு. அது இல்லாட்டி நான் பாதிக் குருடு. போதாததுக்கு இந்தப் பனி. எங்கிட்டு நிக்கேன்னே தெரியல. சொந்த மலையில, சொந்த ஆட்டைத் தேடி வந்து தொலைஞ்சு நிக்கேன், வெக்கக்கேடு!

— நாய் கூட வரலையா?

— காலுல முள்ளுன்னு வீட்டுல கட்டிப் போட்டுட்டு வந்தேன். நீங்க யாரு, எந்தப் பக்கம்?

— நாங்க... நடக்க வந்தவங்க. வெளியூர். கடற்கரைப் பாதையில நடந்து போறோம்.

— நடக்கறவகளா, ரொம்ப நல்லது. அந்தச் சைக்கிள் பயலுகளோன்னு பயந்துட்டேன். அது என்னம்மா அங்க டிக் டிக் டிக்குனு?

— டென்சில், சக்கரத்தைப் பிடி! சுத்துது பாரு!

— பிடிச்சுட்டேன்... ஒண்ணுமில்ல ஐயா! என் முழங்கால்! ஏறி வந்ததுல சத்தம் போடுது!

— இந்த வயசுலயேவா? நல்லெண்ணெய் தேய்ச்சு விடு தம்பி. இப்ப நீங்க எங்கிட்டு நிக்கிறீக? எனக்கு இடது காது செத்துப் போய் வருசமாச்சு. சத்தம் வருது, எந்தத் திசைன்னு பிடிபடல. கடலு சத்தம்கூட எல்லாப் பக்கத்துலேர்ந்தும் வாரது மாதிரி இருக்கு.

— மெரின், மெதுவா கேளு. அவர் கொட்டாவிக்கு அந்தக் கரையில நிக்கறார். நாம சுத்திகிட்டு இந்தக் கரைக்கு வந்துட்டோம். நடுவுல...

— நடுவுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்.

— அப்போ அசையாம உட்காரச் சொல்லு. நான் சுத்திப் போய்க் கூட்டிகிட்டு வரேன்.

— டென்சில், நீ ஒரு அடி வச்சே, அப்புறம் பெரன் முகத்துல முழிக்காதே. ...ஐயா! நாங்க ஒரு கேட்டுகிட்ட நிக்கறோம்! மேட்டுல, மரத்துல செஞ்ச பெரிய கேட்டு!

— மேட்டுக் கேட்டா! அது என் வீட்டுக் கேட்டுதான். அப்ப நான் வீட்டுக்குக் கிட்டத்தான் இருக்கேன், பாத்துக்க. நீ பேசிகிட்டே இரு தாயி. திசை தெரியாட்டியும், கிட்ட வர வரச் சத்தம் கூடும்ல, அத வச்சு நான் வந்து சேந்துருவேன்.

— மெரின், பாவி...

— இந்தா, இந்தக் கம்பியைப் பையில போடு. இனிமே இது எதுக்கு. என் குரலே போதும்.

— மறுபடியும் அந்த மணி. டிங் டிங்னு. கிட்டத்துல கேக்குது.

— பனியில எல்லாமே கிட்டத்துலதான் கேக்கும்.

— அங்க என்ன மணி அடிக்கி? சைக்கிள் மணியா?

— இல்ல ஐயா! கடல்ல மிதவை! நீங்க ஏன் சைக்கிள்னாலே பதறறீங்க?

— பதறாம? உனக்கு என்ன தெரியும் தாயி. என் ஆட்டுல ஒரு கூட்டம், பூராவும் சினை, இன்னிக்கோ நாளைக்கோ ஈனுற மாதிரி. எவனோ சைக்கிள்காரன் கேட்டைத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டான். கடைசியா வாரவன் சாத்தணும். எம்புட்டு சின்ன விசயம்! ஒவ்வொருத்தனும் பின்னாடி வாரவன் சாத்துவான்னு போயிருக்கான். அந்த ஆடெல்லாம் கொட்டாவிக்கு வந்து... காலையில நான் குனிஞ்சு பாக்கேன், கடலு மேல வெள்ளை வெள்ளையா மிதக்குது. மொதல்ல நுரைன்னு நெனச்சேன்.

— அதுக்கு?

— அதுக்கு என்ன. போலீஸ்ல சொன்னேன். 'எந்த சைக்கிள்காரன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது'ன்னான். சரி, நானே பாத்துக்கிடுதேன்னு வந்துட்டேன்.

— எப்படிப் பார்த்துகிட்டீங்க?

— வெளியூர்க்காரிதானே நீ, சொன்னா என்ன. எறக்கத்துல ஒரு கம்பி கட்டினேன். மெல்லிசு, வேலிக் கம்பி. வேகமா வந்தாக் கண்ணுக்குத் தெரியாது, பாத்துக்க.

— யாருக்காவது பட்டுதா?

— ஒரு பயலுக்குப் பட்டுச்சு. பாட்டுக்காரனாம். வெள்ளிக்கிழமை ஆனா பப்ல கத்தி ஊரைக் கூட்டுவானாம். இப்ப ஊரு கொஞ்சம் அமைதியா இருக்கும்.

— கேட்டியா டென்சில்?

— ...கேட்டேன்.

— இன்னும் சுத்திப் போய்க் கூட்டிகிட்டு வரணுமா உனக்கு?

— நான்... நான் ஒண்ணும் சொல்லலை.

— சொல்லாதே. ஐயா! அந்தப் பையன்தான் கேட்டைத் திறந்து போட்டான்னு உங்களுக்குத் தெரியுமா?

— எந்தப் பயலா இருந்தா என்ன தாயி? எல்லாம் ஒரே கூட்டம். அவன் இல்லேன்னா அவன் கூட்டாளி.

— அவன் தொறந்து போட்ட கேட்டுன்னு ஒண்ணு இந்த மலையிலேயே கிடையாது!

— என்ன சொன்ன? காதுல விழல!

— வாங்கன்னு சொன்னேன்! என் குரலைப் பார்த்து நேரா வாங்க!

— இந்தா வாரேன். நிறுத்தாம பேசு. எதாச்சும் பேசு.

— என்ன பேச? என் தம்பியைப் பத்திப் பேசட்டுமா?

— தம்பி இருக்கானா உனக்கு? பேசு, பேசு.

— நல்லாப் பாடுவான் ஐயா. அம்மா செத்தப்ப நான்தான் வளர்த்தேன். தொட்டில்ல கிடந்தப்பவே தொண்டை பெருசு அவனுக்கு. எங்க தெருவுல ஜன்னலைச் சாத்துவாங்க, அவ்வளவு அழுகை. வாங்க, இன்னும் வாங்க.

— வாரேன், வாரேன். சத்தம் கூடுது. காலுக்குக் கீழ புல்லு தழைச்சு வருது. இங்க ஆடு மேயாதோ?

— மெரின், போதும். விளிம்புலதான் புல்லு அப்படி இருக்கும். போதும், நிறுத்து.

— வளர்ந்தப்புறம் அந்தத் தொண்டையில இருந்து வந்த குரல் இருக்கே, ஐயா, நானே வெளியில நின்னு கேட்டு அழுவேன். அக்கா அழறாளேன்னு இன்னும் ஒரு பாட்டு பாடுவான். வாங்க, கிட்ட வந்துட்டீங்க.

— இப்ப எங்க இருக்கான் உன் தம்பி?

— ...

— தாயி? குரலு நின்னு போச்சே? தாயி, பேசும்மா!

— மெரின், என்ன ஆச்சு? ஏன் நிறுத்திட்டே? அவர் நடந்துகிட்டே இருக்கார், கல்லு உருண்டு விழற சத்தம் கேக்குது! மெரின்!

— மறுபடி... டென்சில், மறுபடி டிங் டிங்... விடாம அடிக்குது...

— மணி கிடக்கட்டும்! ஐயா நில்லுங்க! நகராதீங்க!

— என்ன? எந்தக் காதுலயும் விழல தம்பி! அங்கனேயே நில்லு, இந்தா வந்துட்டேன்...

— நில்லுங்க! மிஸ்டர் ஹாக்கடே, நில்லுங்க! நான் பொய் சொன்னேன், அங்க கேட்டு இல்ல, கொட்டாவி! நில்லுங்க!

— ...

— மிஸ்டர் ஹாக்கடே!

— ...

— டென்சில். அவர் பேச்சைக் காணோம்.

— ஐயா! ஹாக்கடே ஐயா!

— டென்சில், நான் வேணும்னுதான்... இல்ல, நான் நிறுத்தினேனே. நிறுத்தினேன்தானே? நீ கேட்டேல்ல?

— சும்மா இரு. மூச்சு விடாதே. கேளு.

— ...ஆண்டவரே. ஆண்டவரே, ஆண்டவரே.

— அவர்தான்! ஐயா, இருக்கீங்களா?

— இருக்கேன்... ஒரு காலு காத்துல போயிருச்சு. மண்ணு சரிஞ்சு போச்சு. யாரோ பின்னாடியிருந்து சட்டையப் பிடிச்சு... தன் பக்கம் திருப்பி, இப்ப கையப் பிடிச்சிருக்கான். யாரும்மா இது? உங்க கூட்டத்துல இன்னொருத்தனா?

— நாங்க ரெண்டு பேர்தான் ஐயா! இந்தக் கரையில!

— அப்ப இது யாரு? ஆளு நல்ல பலசாலி. யப்பா, நல்லாருப்ப, கைய விட்டுறாத. உன் பேரு என்னப்பா? ...பதிலே இல்ல. ஏம்மா, இவன் பேச மாட்டேங்கான். மூச்சு மட்டும் விசில் மாதிரி வருது.

— ...டென்சில். கேட்டு.

— என்ன கேட்டு?

— கேட்டைச் சாத்தினது யாருன்னு கேட்டியே.

— ஏம்மா, இவன் என்ன செய்தான்? என் கைய எடுத்துத் தன் கழுத்துல வைக்கான். என்ன இது... தோலு தடிச்சு... இந்தக் காதுலேர்ந்து அந்தக் காது வரைக்கும் கயிறு மாதிரி...

— பெரன்!

— ...பெரனா? அந்த... அந்தப் பாட்டுக்காரப் பயலா? தாயி, நீ யாரு? என் பேரு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் சொல்லலையே!

— அவன் அக்கா. அன்னிக்கு உங்க கதவைத் தட்டினவ.

— ...தாயி. எனக்குப் பின்னாடி தரையே இல்ல. இவன் கையிலதான் நான் நிக்கேன். இவனப் பேசச் சொல்லு. விட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு!

— அந்த ஒரு வார்த்தையைத்தானே மிஸ்டர் ஹாக்கடே நீங்க அறுத்தீங்க.

— நான் வேணும்னு... எனக்கு என் ஆடு... ஐயோ, இவன் கைய மாத்திப் பிடிக்கான். என்ன செய்யப் போறான்னு தெரியலையே!

— அவனையே கேளுங்க. இடுப்புல மணி வச்சிருக்கான். ஒரு தடவை அடிச்சா ஆமா. ரெண்டு தடவை அடிச்சா இல்ல. அவ்வளவுதான் அவனுக்கு இப்ப பேச்சு. கேளுங்க. எனக்கும் தெரியணும்.

— தம்பி... பெரன்... என்னைத் தள்ளிவிடப் போறியாப்பா?

— ...

— அடிச்சுட்டான் மெரின். டிங் டிங். ரெண்டு! ரெண்டுன்னா இல்லதானே?

— இல்லதான்.

— இழுக்கான்... என்னை உள் பக்கமா இழுக்கான். முள்ளு குத்துது. ஆண்டவரே, முள்ளு குத்துது! தரை, தாயி, தரை...

— மெரின், எழுந்திரு. நாமளும் சுத்திகிட்டு அங்க போகலாம். ஏன் உட்கார்ந்துட்டே?

— டென்சில்... நாம ஏறி வந்ததுலேர்ந்து மிதவை மணி, மிதவை மணின்னு சொன்னேனே. அது எத்தனை தடவை அடிச்சுது?

— ரெண்டு ரெண்டா, மெரின். நீ வாயைத் திறந்தப்பல்லாம்.